‘வேற லெவல்’ மட்டும் போதுமா?

கல்ச்சுரல்ஸ் தேதி வந்தாச்சு: “செம எக்சைட்டடா இருக்குலே!” கம்பெனி இன்டர்வியூ முடிஞ்சு ரிசல்ட் மெயிலுக்காகக் காத்திருக்கோம்: அதுக்கும் “எக்சைட்டடா இருக்கு.” ரெண்டும் ஒரே உணர்வா? முதலாவதில் இருப்பது சந்தோஷம். ரெண்டாவதில் பாதி பயம். ஆனா ஒரே வார்த்தையைப் போட்டு ரெண்டையும் மூடிடுறோம்.

‘எக்சைட்டட்’ என்பதற்கு நேராகத் தமிழில் ஒரே சொல் கிடையாது. அகராதியில் தேடினால் ‘கிளர்ச்சி’ என்று வரும். அதை நம்பி “சிம்போசியத்துக்காகக் கிளர்ச்சியுடன் இருக்கிறோம்” என்று போஸ்டர் அடித்தால், பார்க்கிறவங்க ஸ்ட்ரைக்னு நினைச்சுடுவாங்க! ஒரே சொல் இல்லாததால் நமக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. அந்த உணர்வைத் தமிழ் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையே எடுத்துக்குவோம். தச்சநல்லூரில் டவுன் பஸ் ஏறும்போது இருப்பது ஆவல். நடக்கப்போவது என்னன்னு தெரியும். அது சீக்கிரம் நடக்கணும். ரதவீதியில் வடத்தைக் கையில் பிடிச்சதும் வருவது பரபரப்பு. மனசோட உடம்பும் சேர்ந்துக்கும், ஒரு இடத்தில் நிற்க முடியாது. 2024 தேரோட்டத்தில் சுவாமி தேரின் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. அப்போ கூட்டத்துக்கு வந்தது தவிப்பு. நடக்குமா, நடக்காதா என்ற சந்தேகம் கலந்த காத்திருப்பு அது. எதிர்பார்ப்பு மூணுக்கும் பொது. மழையையும் எதிர்பார்க்கலாம், அரியரையும் எதிர்பார்க்கலாம்.

ரிசல்ட் மெயிலுக்காகக் காத்திருக்கும்போது நமக்கு இருப்பது தவிப்பு. வீட்டுக்குப் போன் பண்ணி “எக்சைட்டடா இருக்கேம்மா”ன்னு சொன்னா, பிள்ளை சந்தோஷமா இருக்குன்னு நினைச்சு அம்மா போனை வச்சிருவாங்க. “தவிப்பா இருக்கும்மா”ன்னு சொல்லிப் பாருங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் பேசுவாங்க.

இந்தக் காத்திருப்புக்குத் திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே இருக்கு: 127-ஆவது அதிகாரம், ‘அவர்வயின் விதும்பல்’. விதும்பல் என்றால் ஆசை மிகுந்து, காண்பதற்கு விரைவது. அதன் முதல் குறளில், வழியைப் பார்த்துப் பார்த்துத் தலைவியின் கண் ஒளி இழந்துபோகிறது. பிரிந்த நாட்களைக் குறித்த கோடுகளைத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்துபோகிறது. மெயில் பாக்ஸை ரெஃப்ரெஷ் பண்ணிப் பண்ணித் தேயும் நம்ம விரலுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் இல்லை. 1269-ஆவது குறளில், காத்திருப்பவருக்கு ஒரு நாள் ஏழு நாளாக நீள்கிறது.

சரி, காத்திருந்தது வந்துடுச்சு. பார்த்ததும் “வேற லெவல்!” இங்கேயும் தமிழ் பிரித்துச் சொல்கிறது. வியப்பு பொதுச் சொல். அளவைப் பார்த்து ‘இது நம்மால ஆகுமா’ன்னு தோணினா மலைப்பு: பரீட்சைக்கு முந்தின ராத்திரி சிலபஸைப் பார்த்தா வருமே, அது. அடுத்து என்ன செய்யன்னு தெரியாமல் நின்றால் திகைப்பு. ஒருத்தரோட திறமையைப் பார்த்து அசந்துபோய் நின்றால் பிரமிப்பு.

தொல்காப்பியர் வியப்பை மருட்கை என்கிறார். மெய்ப்பாட்டியலில் அவர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அதுவும் ஒன்று. அது பிறக்க நாலு காரணம் கொடுக்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இந்த நாலையும் நம்ம ஊரிலேயே பார்த்துடலாம்.

புதுமை: வெளியூரிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்த ஜூனியர், ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தை முதல் தடவை பார்ப்பது. நமக்குப் பழகிப்போச்சு, அவனுக்குப் புதுசு.

பெருமை: அளவில் பெரியது. நெல்லையப்பர் தேரை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

சிறுமை: இங்கே இழிவு என்று பொருள் இல்லை, நுண்மை. கோரையை நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்து நெய்த பத்தமடைப் பட்டுப்பாய், துணி போல மடியும். மைக்ரோசிப்பைப் பார்த்து வருவதும் இதே வியப்புதான்.

ஆக்கம்: ஒன்று இன்னொன்றாக மாறுவது. ஊறவைத்து அரைத்த கோதுமையின் பால், சர்க்கரை, நெய் மூணும் அடுப்பில் சேர்ந்து கண்ணாடி மாதிரி அல்வாவாகத் திரள்வது.

நாலில் சீக்கிரம் தேய்ந்துபோவது புதுமைதான். புதுசா இருந்தா மட்டுமே வியப்போம்னு இருந்தா, மூணாவது வருஷத்தில் எல்லாமே போரடிக்கும். மத்த மூணையும் கவனிக்கத் தெரிஞ்சவங்களுக்கு, தினமும் பார்க்கிற லேப் மெஷினிலும் ஏதாவது ஒண்ணு இருக்கும்.

மருட்கை என்ற சொல்லே ‘மருள்’ என்பதிலிருந்து வருகிறது. மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. நம்ம அறிவு எட்டாத இடத்தில்தான் வியப்பு பிறக்கிறது. அதற்கு எதிர்ச்சொல் ‘தெருள்’, அதாவது தெளிவு. ‘எப்படி இது வேலை செய்யுது?’ என்று கேட்டு மருளிலிருந்து தெருளுக்குப் போவதுதானே இன்ஜினியரிங்! “வேற லெவல்”னு சொல்லி நகர்ந்துட்டா அந்தக் கேள்வி வராமலே போயிடும். அதனால், தாராளமா “வேற லெவல்”னு சொல்லுங்க. கூடவே, புதுசா, பெருசா, நுணுக்கமா, மாறியதான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.