வரிக்கணக்கில் வம்சாவளி

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது குடிபாலா. இப்பக்கத்துக் குடும்பங்களில் பல, தலைமுறை தலைமுறையாக ஊரைவிட்டு நகரவில்லை. நகர்ந்ததெல்லாம் மாவட்டமும் மாநிலமும்தான். 1911 வரை சித்தூர் வட்டம் சென்னை மாகாணத்து வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1 முதல் அது ஆந்திர மாநிலத்தில். 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசத்தில். 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. பிறகு 1985-இல் ஆந்திர அரசு தாலுகாக்களைக் கலைத்து மண்டலங்களை அமைத்தது. இவ்வளவு மாற்றங்களிலும் ஒரே வீட்டில் குடியிருந்த குடும்பத்தின் காகிதங்கள் இன்று சித்தூரிலும் சென்னை எழும்பூரிலும், சில சமயம் கடல்கடந்த ஊர்களிலும் கிடக்கின்றன. முன்னோரைத் தேடுகிறவர் முதலில் பிடிக்க வேண்டிய நூல் இதுதான்: தேடும் ஆண்டில் இந்த ஊர் எந்தக் கச்சேரிக்கு உட்பட்டிருந்தது?

இங்கே ஒரு சிக்கல் பலரைச் சுற்றவிடுகிறது. பழைய தாளில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று கண்டதும் வேலூருக்குப் போகிறார்கள். ஆனால் 1911-க்கு முந்தைய வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர்தான். மாவட்டம் பிரிந்த பிறகே அது வேலூருக்கு மாறியது. அந்த வட ஆற்காடும் இப்போது வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பல மாவட்டங்களாகிவிட்டது. ஜில்லாவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. தாலுகா பெயரும் கிராமத்தின் பெயரும் வேண்டும்.

தேடல் வீட்டிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். தாத்தா, பாட்டி வழியில் தெரிந்த பெயர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் தேடுவதே முறை. பரணில் இருக்கும் பத்திரக் கட்டு, ஜாதக நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகியவை முதல் சான்றுகள். கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டுத் தாத்தாக்களின் பெயரும் ஊரும் அச்சில் இருக்கும். மொய் நோட்டில் பங்காளி யார், சம்பந்தி யார் என்பது ஊர்வாரியாகத் தெரியும். திதி கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்கள் புரோகிதர் வாயிலாகவாவது நிலைத்திருக்கும். தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: இன்டிபேரு என்னும் வீட்டுப்பெயர் தலைமுறைகளாக மாறாமல் தொடர்கிறது. தமிழ்க் குடும்பங்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே இனிஷியலாக இருப்பதால் அது தலைமுறைதோறும் மாறும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் இதோடு சேர்ந்துவிட்டால், ஒரு நூற்றாண்டுக் காகிதத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். எந்த முனுசாமி எந்த முனுசாமி என்று பிரிக்க, கூடவே வரும் வயதையும் நிலத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் ஊரும் நம்பத்தக்கவை. பிறந்த தேதி அப்படியல்ல. சேர்க்கும் நாளில் வாத்தியார் போட்ட ஜூன், ஜூலைத் தேதிகள் அவற்றில் ஏராளம். பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899-இலேயே சட்டம் வந்துவிட்டது. கிராம முன்சீப் கையால் எழுதிய பதிவேடுகள் அந்தக் காலத்தவை. ஆனால் பல பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. இன்னாருக்கு ஆண் குழந்தை என்பதோடு முடிந்துவிடும்.

பிரிட்டனில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களே பெரிய துணை. 1841 தொடங்கி வீடுவீடாகப் பெயர்கள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன; 1921-இன் தாள்கள் 2022-இல் மக்கள் பார்வைக்கு வந்தன. இந்தியாவில் கணக்கெடுப்பு 1871-லிருந்து நடந்தும் அந்த வழி இல்லை. தொகை கூட்டி முடித்ததும் வீட்டுத் தாள்களை அழித்துவிட்டார்கள். எண்ணிக்கை நின்றது, பெயர்கள் போயின. எனவே இங்கே வம்சத்தைத் தேட, பெரும்பாலும் நிலத்தையும் வரியையும் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வருவாய்த்துறைப் பதிவேடுகள் வரிசையாக ஒன்றையொன்று தொடர்கின்றன. நிலவாரியான இன்றைய அடங்கலையும் பட்டாதாரர் வாரியான ஒன்-பி பதிவையும் ஆந்திர அரசின் மீபூமி தளத்திலேயே பார்க்கலாம். அதில் கிடைக்கும் சர்வே எண்ணை வைத்துக்கொண்டு மண்டல வருவாய் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைக் கேட்க வேண்டும். ஆர்.எஸ்.ஆர் என்று அலுவலகத்தார் சொல்லும் மறு நிலவரித்திட்டப் பதிவேடு, ஆங்கிலமும் உள்ளூர் மொழியுமாக இரு மொழியில் எழுதிய டைக்ளாட், ஃபேர் அடங்கல் ஆகியவை அங்கோ சித்தூர் ஆட்சியர் அலுவலக ஆவண அறையிலோ இருக்கும். இவற்றில் சர்வே எண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயர் உண்டு. எண்கள் உடைவதையும் கவனிக்க வேண்டும். 112 என்றிருந்த நிலம் ஒரு கட்டத்தில் 112/1, 112/2 ஆகவும், பிறகு 112/2ஏ, 112/2பி ஆகவும் பிரிந்திருந்தால், பெரும்பாலும் அங்கே அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்திருக்கிறார்கள். குடும்ப மரத்தின் கிளைகளை யாரும் வரைந்து வைக்காவிட்டாலும் உட்பிரிவு எண்கள் வரைந்து வைத்திருக்கின்றன.

ஆண்டுக் கணக்கில் தடுமாறக் கூடாது. வருவாய்க் கணக்குகள் ஃபசலி ஆண்டில் இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஃபசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. பத்திரங்களில் சில வேளை பிரபவ, விபவ என்னும் அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ 1867-இலும் வரும், 1927-இலும் வரும். தாத்தாவையும் கொள்ளுத்தாத்தாவையும் ஒரே ஆளாக்கிவிட இந்த ஒரு சறுக்கல் போதும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் எழுதியவர் கர்ணம். பரம்பரையாக ஒரே குடும்பம் பல தலைமுறை ஊர்க்கணக்கை வைத்திருந்தது. தமிழ்நாட்டில் 1980-இலும் ஆந்திராவில் 1984-இலும் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அது நியாயமான மாற்றமே. ஆனால் எந்த நிலம் எப்போது எந்தக் கைக்குப் போனது என்று தாளைப் பார்க்காமலே சொல்லக்கூடிய ஆள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் அதோடு மறைந்தார்.

நிலப் பதிவேடுகளில் வம்சத்துக்கு மிக நெருக்கமானது இனாம் பதிவேடு. வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவிக்கப்பட்ட நிலங்களின் உரிமையைச் சரிபார்க்கச் சென்னை அரசு 1858-இல் இனாம் ஆணையத்தை அமைத்தது. நிலத்தை அனுபவித்தவர் தன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் யாருக்கு, எதற்காக, யாரால் கொடுக்கப்பட்டது, இப்போது வைத்திருப்பவர் யார், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் ஒரே வரிசையில் எழுதப்பட்டன. 1860-களில் எழுதிய ஒரு பக்கம், வாய்த்தால், 18ஆம் நூற்றாண்டுப் பெயர் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும். கோயில் மானியமும் பிராமண மானியமும் மட்டுமல்ல. ஏரியை வெட்டி, கரையைப் பராமரித்தவருக்குத் தரப்பட்ட தசபந்தம், ஊர்ப்பணி செய்த தலையாரி, வெட்டியான் போன்றோருக்கான ஊழிய மானியம் ஆகியவையும் இதில் உண்டு. ஜமீன் கிராமங்களின் நிலை வேறு. கார்வேட்டிநகரம் போன்ற ஜமீன்களில் 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை குடிகளின் கணக்கு ஜமீன் கச்சேரியில்தான் இருந்தது. அது எவ்வளவு பிழைத்தது என்பது ஒவ்வொரு ஜமீனுக்கும் ஒவ்வொரு மாதிரி.

பத்திரப் பதிவு 1860-களில் சட்டமானது. இன்று நடப்பில் உள்ளது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துக்கான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்தில், எழுதியவர் இறந்த பிறகே மற்றவருக்கு நகல் கிடைக்கும். விற்பனைப் பத்திரத்தைவிட பாகப்பிரிவினைப் பத்திரம் தேடலுக்கு மேல். அதில் பங்காளிகள் அத்தனை பேரும் தகப்பன் பெயரோடு நிற்பார்கள். அதைவிட மேல், பாகம் பிரிப்பதில் சண்டை வந்து வழக்கானால். மனுவோடு ஒரு வம்ச மரத்தை வரைந்து இணைப்பது வழக்கம். எதிர்த்தரப்பு அதில் ஒவ்வொரு பெயரையும் கிண்டிப் பார்த்திருக்கும். ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

பெண்கள் இந்தக் காகிதங்களில் அரிதாகவே வருகிறார்கள், வந்தாலும் இன்னார் பெண்சாதி என்றே பாதிப் பதிவுகள். அவர்களைப் பெயரோடு பிடிக்கும் இடம் சீர் நிலம். தமிழில் மஞ்சள்காணி, தெலுங்கில் பசுப்பு குங்குமம் என்று மகளுக்கு எழுதிக் கொடுத்த பத்திரங்கள் தாய்வழியைக் காட்டும். ஆந்திரா 1985 செப்டம்பரிலும் தமிழ்நாடு 1989 மார்ச்சிலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தந்தன. அதன் பிறகான பாகப்பிரிவினைகளில் மகள்களின் பெயரைத் தேட வேண்டும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லையைத் தாண்டி நடக்கும் குடிபாலா பக்கத்தில், ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளுக்கு இரண்டு சட்டம் பொருந்தியிருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேடு தனி வழி. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் அமைத்த ஆற்காடு மிஷனுக்குச் சித்தூர் முக்கிய நிலையமாக இருந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனி ஏடுகள் வைப்பது சபைகளின் வழக்கம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷன் சபைகள் அதில் இணைந்தன. நிலமே இல்லாத குடும்பங்களும் இந்த ஏடுகளில் இடம்பெற்றன.

நிலமற்றவர்களைப் பற்றி இன்னும் விரிவாக எழுதிய ஆவணம் வேறொன்று உண்டு. அது கூலிக் கப்பல் பட்டியல். சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். வட ஆற்காடு அவர்களை அனுப்பிய முக்கிய மாவட்டங்களில் ஒன்று. 1903 முதல் 1916 வரை ஃபிஜிக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் சென்றன. ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதப்பட்டன. ஓடிப்போனால் பிடித்துக்கொண்டுவர வேண்டுமல்லவா, அதற்காக. ஊரிலிருந்த எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஒரு கூலியாளின் உயரமும் மச்சமும்கூட அங்கே இருப்பது இதனால்தான். இப்பட்டியல்கள் நேட்டால், ஃபிஜி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கூலிகள் போன இன்னொரு நாடான மொரிஷியஸில், மோகா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டுக் குடியேற்ற ஆவணங்களைப் பேணுகிறது.

இன்று எதிர்த்திசையில் தேடல் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவரின் கையில் ‘வட ஆற்காடு, சித்தூர்’ என்று ஒரு தாள் இருக்கும்; அவர் தமிழ்நாட்டில் தேடுவார், ஊர் ஆந்திராவில் இருக்கும். பெயர்களும் உருமாறியிருக்கும். முதலியார் அங்கே ‘மூட்லி’, கவுண்டர் ‘கோவேண்டர்’. ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆர்தர் காக்ஸ் 1881-இல் தொகுத்து, ஹரால்டு ஸ்டூவர்ட் 1890-களில் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அந்தக் காலத்து ஊர்களையும் தாலுகாக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கும் பின்னால் போக விரும்புவோருக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை மாகாண வருவாய் வாரியத்தின் பழைய நடவடிக்கைகள் அங்கே. ஆற்காட்டு நவாப் 1801-இல் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்ததும், 1804-இல் சித்தூர்ப் பாளையக்காரர்கள் எதிர்த்து எழுந்ததும், பாளையங்கள் பறிபோனதும் அக்காலக் கோப்புகளில் வருகின்றன. பாளையக்காரக் குடும்பங்களின் சொந்தக் கதைகளைக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியும் அவருடைய உதவியாளர்களான காவலி சகோதரர்களும் கைபீதுகளாகத் திரட்டினார்கள். அவற்றின் பெரும் தொகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. ஆனால் கைபீது, உரிமை கோரும் குடும்பம் சொன்னதை எழுதிக்கொண்டது. பிச்சிகுண்ட்லவார் வீடுவீடாக வந்து தெலுங்குக் குடும்பங்களுக்குக் கோத்திரமும் வீட்டுப்பெயரும் பாடிச் செல்லும் வம்சாவளியும் அப்படியே. வீட்டுப்பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு நல்ல குறிப்பு, ஆண்டுக்குச் சான்றல்ல.

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் பல தமிழில், கொடையாளியின் தகப்பன் பெயரோடும் ஊரோடும் இருக்கின்றன. இருந்தும் அந்தக் கொடையாளியிலிருந்து இன்றைய குடும்பம் வரை இடையிலுள்ள நூற்றாண்டுகளை இணைக்கும் தாள்கள் சாதாரணக் குடும்பம் எதற்கும் இல்லை. சோழ மன்னனிலிருந்து தொடங்கும் வம்ச மரத்தை விலைக்கு வரைந்து தருகிறவர்கள் அந்த இடைவெளியைக் கற்பனையால்தான் நிரப்புகிறார்கள். நிலமிருந்த குடும்பம் 1860-கள் வரையும், இனாம் இருந்த குடும்பம் சில வேளை 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரையும், கப்பலேறியவரின் வாரிசு அவர் கப்பலேறிய நாள் வரையும், அதற்கு மேல் அவருடைய தகப்பன் பெயர் வரையும் போகலாம்.