போதும் என்று சொல்ல ஓர் ஆள்

தொப்பூர் கணவாயில் வண்டி இறக்குகிறவர் தெளிவாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு 2017இல் அது 220 மீட்டராகக் குறைந்தது. கடை எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று இத்தனை பேசிய நாம், பாருக்குள் நடப்பதைப் பேசவில்லை.

டாஸ்மாக்கில் விற்பவர் ஒருவர், குடிப்பதைப் பார்ப்பவர் இன்னொருவர். கம்பிக்குப் பின்னால் நிற்கும் சேல்ஸ்மேன் பாட்டிலை நீட்டுகிறார். வாங்குகிறவர் நிதானத்தில் இருக்கிறாரா என்று கவனிக்க நெரிசல் விடாது. பக்கத்துப் பாரில் டெண்டர் எடுத்தவரின் ஆட்கள் டம்ளர், தண்ணீர், சைடு டிஷ் தருகிறார்கள். சரக்கு அவர்கள் விற்றதல்ல. "போதும்ணே, வீட்டுக்குப் போங்க" என்று சொல்வது யாருக்கும் வேலையில்லை. இத்தனைக்கும், எந்த மேசையில் கைகலப்பு வரும் என்பது மேசை துடைப்பவருக்கு முன்கூட்டியே தெரியும்.

அளவையும் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், எடையில் சுமார் 60 கிராம். அதை ஈரல் கழிக்க ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கடை மூடும் பத்து மணிக்குச் சற்று முன் வாங்கி, வெறும் வயிற்றில் மடமடவென்று இறக்கியவருக்கு உச்சப் போதை பாரில் வருவதில்லை. சாலையிலோ வீட்டு வாசலிலோ வருகிறது. நிதானம்தான் முதலில் போகிறது. அப்போது யாரோ தோளில் இடித்தாலும் மானப் பிரச்சினை. பல வீடுகளில் அடி வாங்குவது அந்தப் பாரை எட்டிக்கூடப் பார்த்திராத மனைவி.

பிரேசிலின் டியாடெமா நகரில் 2002இல் பார்களை இரவு 11 மணிக்கு மூட வைத்தார்கள். கொலைகள் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்பது குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது. நேரக் கட்டுப்பாடு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மது பரிமாறுபவர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், போதை ஏறியவருக்கு ஊற்றுவது குற்றம். நம் பார்களில் நடைமுறையில் இல்லாதது இதுதான்.

பார் டெண்டர் நிபந்தனையிலேயே இதை எழுதலாம். பயிற்சி பெற்ற ஒருவர் பாரில் இருக்க வேண்டும். அவர் மறுத்த ஆளுக்குக் கவுன்ட்டரிலும் பாட்டில் தரக் கூடாது. மறுத்ததற்காக அவர் மேல் கை வைத்தால் போலீஸ் உடனே வர வேண்டும்.