தாங்குவோரே தலைவர்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவை ஒரு குடும்பம் தன் நிலத்திலேயே விளைத்துக்கொள்ளலாம். உடையை ஒருவரே தறியில் அமர்ந்து நெய்துவிடலாம். உறையுளோ அத்தகையதன்று. மிகச் சிறிய வீடொன்றை எழுப்புவதற்கும் மண் தோண்டுவோர், செங்கல் அடுக்குவோர், கம்பி கட்டுவோர், மரம் இழைப்போர், குழாய் பதிப்போர், வண்ணம் பூசுவோர் எனப் பலர் கூட வேண்டும். பலர் கூடும் இடத்தில் அவர்களை ஒருமுகப்படுத்தும் ஒருவரும் வேண்டும். அவர் இல்லையேல், கல்லும் மணலும் குவியலாகக் கிடக்குமேயன்றிக் கட்டடம் ஆகா. அத்தகைய தலைமைக்குரிய பண்புகள் யாவை, கட்டடத் தொழிலில் புகும் இளைஞர் படிப்படியாக உயர்ந்து அந்நிலையை எய்துவது எங்ஙனம் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் உள்ளது. ஊருக்குப் பெயர் தந்த நரசிங்கப் பெருமாள் கோவில், சிறு குன்றொன்றைக் குடைந்து அமைக்கப்பெற்ற பல்லவர் காலக் குடைவரையாகும். கருவறையும் குன்றும் ஒன்றேயாதலால், பெருமாளை வலம் வர விழைவோர் குன்றையே வலம் வருகின்றனர். இவ்வூரைச் சூழ இன்று எங்கு நோக்கினும் புதிய கட்டடங்களே. மறைமலையடிகளின் திருப்பெயரைத் தாங்கிய மறைமலைநகரும், 2002இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா உலக நகரும், ஒரகடத்துத் தொழிற்சாலைகளும் அண்மையில் உள்ளன. வடக்கே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30ஆம் நாள் மாபெரும் பேருந்து முனையம் ஒன்று திறக்கப்பெற்றது. பழைமையும் புதுமையும் இவ்வாறு அருகருகே நிற்கும் இடம், கட்டடத் தொழிலைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஏற்ற இடமேயாம்.

குன்றைக் குடைந்த சிற்பியின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். செங்கற்சுவர் கோணினால் இடித்துவிட்டு மீண்டும் கட்டலாம். பாறையில் ஒரு தூணைத் தவறாக வெட்டிவிட்டால் அதனை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது. ஆகவே, முதல் உளி விழுமுன்னரே மண்டபமும் தூணும் கருவறையும் தலைமைச் சிற்பியின் உள்ளத்தில் முழுமையாக உருப்பெற்றிருத்தல் வேண்டும். பின்வருவதை முன்னரே காணும் இவ்வாற்றலே தலைமையின் முதற்பண்பு.

நம் முன்னோர் இத்தொழிலை முறையாக வகுத்துப் போற்றினர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும் செய்தி வருகின்றது. கதிரவன் உச்சியில் நிற்கும் வேளையில், நட்ட கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்து, நுண்ணிதாகக் கயிறு பிடித்து அளந்த அறிஞர்களை அங்குக் காண்கிறோம். மயமதம் என்னும் சிற்பநூல் கட்டடக் கலைஞரை நால்வகையினராகப் பிரிக்கின்றது. முழுப்பணிக்கும் தலைவர் தபதி. நூல் பிடித்து அளவு காண்பவர் சூத்திரகிராகி; இவர் தபதியின் மைந்தராகவோ மாணாக்கராகவோ இருப்பார். கல்லையும் மரத்தையும் அளவாக வெட்டுபவர் தட்சகர். வெட்டியவற்றை இணைத்து எழுப்புபவர் வர்த்தகி. இந்நால்வரும் இன்றி எப்பணியும் நிறைவேறாது என்பது அந்நூலின் கருத்து. தலைவர் ஒருவரே அனைத்தையும் செய்துவிடுவார் என்று அவர்கள் கருதவில்லை என்பது இதனாற் புலனாகும்.

தஞ்சைப் பெரிய கோவிலை அறியாதார் யார்? ஏறத்தாழ 216 அடி உயர்ந்து நிற்கும் அதன் விமானம் 1010இல் நிறைவுற்றது. அதனை எழுப்பிய கலைஞர் பெயரும் அக்கோவிற் கல்வெட்டிலே இடம்பெற்றுள்ளது. குஞ்சரமல்லன் என்னும் அவர், 'இராசராசப் பெருந்தச்சன்' எனச் சிறப்பிக்கப்பெற்றார். பேரரசன் தன் பெயரையே ஒரு தச்சருக்குப் பட்டமாக வழங்கினான் எனின், அத்தொழில்தலைமைக்கு அந்நாளில் இருந்த மதிப்பு உள்ளங்கை நெல்லிக்கனியன்றோ!

இக்காலத்துக் கட்டடப் பணியிலும் ஏணிப்படி போன்ற நிலைகள் உள்ளன. கலவை சுமக்கும் சித்தாளும், அவருடன் உழைக்கும் பெரியாளும் முதற்படியில் நிற்பர். கரணை பிடித்துச் சுவர் எழுப்பும் கொத்தனார் அடுத்த படி. பல கொத்தனார்களை மேய்த்து, கூலி கணக்கிட்டு, வேலையை முடித்துத் தருபவர் மேஸ்திரி. அவருக்கு மேல் பணித்தள மேற்பார்வையாளரும் பொறியாளரும் திட்ட மேலாளரும் உள்ளனர். படி உயர உயரக் கையின் வேலை குறைகின்றது. கருத்தின் வேலை பெருகுகின்றது. கொத்தனார் தம் கையிலுள்ள செங்கல்லுக்குப் பொறுப்பாளர். மேஸ்திரி பத்துப் பேர் கையிலுள்ள செங்கல்லுக்குப் பொறுப்பாளர். பொறியாளரோ அக்கட்டடத்தில் வாழப்போகும் அனைவருக்கும் பொறுப்பாளர். எனவே, இத்தொழிலில் உயர்வு என்பது ஊதியம் பெருகுவது மட்டுமன்று, பொறுப்புப் பெருகுவதேயாம்.

இனித் தலைவருக்குரிய பண்புகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, தொழிலறிவு. தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நிமிர்வைக் காணத் தெரியாதவர் பிறர் கட்டிய சுவரைக் குறை கூறுதல் இயலாது. தொழிலாளர் தம் தலைவரின் சொல்லைக் கேட்பது அவருடைய பதவிக்காக அன்று. அவருக்குத் தொழில் தெரியும் என்னும் நம்பிக்கைக்காகவே.

இரண்டாவது, ஆளறிதல். திருவள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பூச்சு வேலையில் வல்லவரைக் கம்பி கட்ட விடுவதும், உயரம் கண்டு அஞ்சுபவரைச் சாரத்தின் மேல் ஏற்றுவதும் அறியாமையாம். இந்நாளில் சென்னைப் புறநகரின் பணித்தளங்களில் தமிழரோடு ஆந்திரம், ஒடிசா, வங்காளம், பீகார் முதலிய மாநிலத்தாரும் உழைக்கின்றனர். 'விலகு', 'நில்', 'ஆபத்து' என்னும் சொற்களையேனும் அவரவர் மொழியிற் கற்றுவைத்திருக்கும் மேற்பார்வையாளர், ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பையும் உடன் வைத்திருக்கிறார்.

மூன்றாவது, முன்னறிதல். நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பொழியும். அடித்தள வேலையை அதற்குமுன் முடிக்கத் திட்டமிடாதவர், தோண்டிய குழியில் நீர் நிரம்பக் கண்டு வருந்துவார். மனையின் நிலமட்டத்தையும், ஏரியிலிருந்து நீர் வடியும் வழியையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை, கட்டுவோரே மறந்துவிடுகின்றனர்.

நான்காவது, குழுவை ஊக்கும் ஆற்றல். இதற்குச் சிறந்த சான்று பாம்பன் பாலத்தின் வரலாறு. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயலால் தனுட்கோடி அழிந்தது. 1914 முதல் இராமேசுவரத்தை நிலத்தோடு இணைத்து வந்த இரயில் பாலமும் பெருஞ்சேதமுற்றது. அதன் இரும்பு விட்டங்களுட் பெரும்பாலானவை கடலுள் வீழ்ந்தன. அதனைச் சீரமைக்க இரயில்வேத்துறை ஆறு திங்கள் கெடு வகுத்தது. மேலதிகாரி அதனை மூன்று திங்களாகக் குறைத்தார். பணியின் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது 32. புதிய விட்டங்கள் வந்து சேரும்வரை காத்திராமல், கடலுள் மூழ்கியவற்றையே மீட்டெடுத்துப் பொருத்தும் வழியை அவர் மேற்கொண்டார். 46 நாட்களில் பாலம் நிமிர்ந்தது. பின்னாளில் கொங்கண் இரயில்பாதை, தில்லி மெட்ரோ ஆகிய பெரும்பணிகளுக்கு அவர் தலைமை தாங்கியதற்கு இவ்வெற்றியே முதற்படி எனலாம். கடலுள் இறங்கி விட்டத்தைத் தூக்கியவர் தொழிலாளரே. தூக்க முடியும் என்னும் துணிவை அவர்க்கு ஊட்டியது தலைமை.

ஐந்தாவது பண்பே அனைத்தினும் அரியது. அது மறுத்துரைக்கும் துணிவு. விரைந்து முடித்தல் நன்றே. ஆயினும், விரைவு வேறு, அவசரம் வேறு. ஸ்ரீதரன் விரைந்தார், ஆனால் பாலத்தின் உறுதியைக் குறைத்து நாளை மிச்சப்படுத்தவில்லை. வார்த்த கான்கிரீட் ஒரே நாளில் இறுகிக் கல்லாகிவிடுவதில்லை. குறைந்தது ஏழு நாட்களேனும் அதனை நீரால் நனைத்துவர வேண்டும். அதன் வலிமையை 28ஆம் நாள் சோதித்தே மதிப்பிடுவர். தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை, தளத்தின் நீளத்துக்கேற்ப 7 நாளோ 14 நாளோ கழிந்த பின்னரே எடுக்கலாம். நீண்ட உத்திரங்களுக்கு 21 நாளும் வேண்டும். "நாளையே முட்டுகளைப் பிரித்து மேல்மாடிக்குக் கொண்டுசெல்லுங்கள், வாடகை ஏறுகிறது" என்று உரிமையாளர் நெருக்கும்போது, "இயலாது, ஐயா, கான்கிரீட் இன்னும் இறுகவில்லை" என்று பணிவாகவும் உறுதியாகவும் கூறுபவரே உண்மைத் தலைவர். அச்சொல்லைச் சொல்ல அஞ்சுபவர் எத்துணைப் பெரிய பதவியில் இருப்பினும் தலைவர் ஆகார்.

இதன் இன்றியமையாமையை நமக்குக் கண்ணீரோடு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2014 ஜூன் 28ஆம் நாள் மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர். அருகில் நின்ற மற்றொரு கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கண்டு, 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பெற்றது. அன்று மழை பெய்தது உண்மையே. ஆனால், மழை மட்டும் செவ்வையாகக் கட்டிய கட்டடத்தை வீழ்த்துவதில்லை. கட்டடத்தில் மேல்மாடியின் பாரம் தூண் வழியே கீழ்நோக்கி இறங்குகின்றது; பணியிலோ, கீழே நிகழும் பிழையின் பாரம் மேல்நோக்கி ஏறித் தலைவரின் தோள்மீது அமர்கின்றது. அதனைத் தாங்க ஒருப்படாதவர் தலைமையை விரும்புதல் தகாது.

தலைவரின் கடமை இன்னும் ஒன்றுண்டு. அது பிறரை உயர்த்துதல். 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றபோது வைத்தியநாத தபதியார் அதற்குத் தலைமை ஏற்றார். அவருடைய மைந்தரும் மாணாக்கருமாகிய கணபதி தபதியார் பின்னர் அப்பொறுப்பை ஏற்றார். குமரிமுனையில் 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை அவர் தலைமையில் உருவாயிற்று. கற்பித்தவரின் அறிவு கற்றவர் வழியே வளர்ந்தோங்குவதற்கு இது சான்று.

ஆயினும், நம் பணித்தளங்களில் ஒரு குறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஆடவர் சில ஆண்டுகள் கையாளாக உழைத்தபின் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகின்றனர். பெண்டிரோ இருபதாண்டு உழைத்தபின்னும் பெரும்பாலும் சித்தாளாகவே தலையில் கலவைச் சட்டியைச் சுமக்கின்றனர். அவர்கட்கு அறிவு இல்லையோ? திறன் இல்லையோ? இல்லாதது வாய்ப்பே. வாய்ப்புக் கிடைப்பின் பெண்டிர் எத்துணை உயர்வர் என்பதற்குப் பி. கே. திரேசியா அம்மையார் விளக்கம் ஆவார். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940களில் பயின்றவர் அவர். கொச்சி அரசின் பொதுப்பணித்துறையில் பிரிவு அலுவலராகப் பணி தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் இப்பதவியை முதன்முதல் ஏற்ற பெண்மணி அவரே. நல்ல மேஸ்திரி, தம்மிடம் உழைக்கும் சித்தாளின் கையில் ஒருநாளேனும் கரணையைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இத்தொழிலில் உயர விரும்புவோர்க்குக் கல்வியின் வாயிலும் திறந்தே உள்ளது. பத்தாம் வகுப்புக்குப் பின் பலதொழிற் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புப் பயிலலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்று தேறியோர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் வசதி உண்டு. பட்டயம் பெற்றோர் அவ்வாறே பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். உடலுழைப்பாளர் நலம் கருதித் தமிழ்நாட்டில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைக்கப்பெற்றது. அதில் பதிவு செய்துகொண்ட தொழிலாளரின் மக்கள் கல்வி உதவியும் பெறலாம். தம்மிடம் பணிபுரிவோர் ஒவ்வொருவரையும் அதில் பதிவு செய்யத் தூண்டுதலும் மேஸ்திரியின் கடமையேயாம்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மேற்பார்வையாளராகலாம், சிலர் பொறியாளராகலாம், சிலர் உங்கள் தந்தையைப் போலவோ தாயைப் போலவோ பணித்தளத்தில் உழைத்து உயரலாம். எந்நிலையில் நின்றாலும் ஒன்றை மறவாதீர்கள். கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியும் வண்ணத்தையும் மாடத்தையும் எல்லோரும் புகழ்வர். மண்ணுக்குள் மறைந்து நிற்கும் அடித்தளத்தைக் காண்பார் இல்லை. ஆயினும், அனைத்தையும் தாங்குவது அதுவே. தலைமையும் அத்தகையது. புகழை விரும்பி மேலே நிற்பதன்று அது. பிறர் பாரத்தைத் தாங்கிக் கீழே நிற்பது.