மஞ்சப் பெட்டிக்கே ஓட்டு!

சின்னமனூர்க்காரரே, 1937-ல் உங்க கொள்ளுத் தாத்தாவுக்கு ஓட்டு இருந்ததா? நிலமோ வரி ரசீதோ படிப்போ இருந்திருக்கணும். சென்னை மாகாணத்தில் சுமார் 15 சதவீத ஜனங்களுக்குத்தான் அந்த யோகம். வயல் கூலி வேடிக்கை பார்க்கலாம்!

ஆளுக்கொரு கலர் பெட்டி, காங்கிரஸுக்கு மஞ்சள். ஆண்டதோ ராஜாக்களும் ஜமீன்தார்களும் நிறைந்த ஜஸ்டிஸ் கட்சி. பக்கத்து உத்தமபாளையத்து பி.டி.ராஜன் அதில்தான் 1936-ல் சில மாதம் பிரதம மந்திரி (முதல்வரை அப்போ அப்படித்தான் சொல்வாங்க).

வசதியான வோட்டர், வசதியான கட்சி. ஜெயிப்பு நிச்சயம்தானே? ஊஹூம்! 215-ல் 159 இடம் காங்கிரஸுக்கு. பிரதமர் பொப்பிலி ராஜாவே வி.வி.கிரியிடம் அவுட்!

ராஜன் விடவில்லை. 1952-ல் அதே ஜஸ்டிஸ் கட்சி பெயரில் கம்பத்தில் நின்று ஜெயித்தார். இந்த முறை வயல் கூலிக்கும் ஓட்டு இருந்தது.