உங்களுக்குத் தெரியுமா? முட்டி போட்டு மேயும் செம்மறி

முன்னங்கால் இரண்டையும் மடக்கி, முட்டி போட்டபடி செம்மறி மேய்கிறதா? பசி மிகுதி என்று நினைத்துவிடாதீர்கள். குளம்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடித்தால், பெரும்பாலும் அது குளம்பழுகல் நோய்தான்.

சேற்றில் நின்றால் ஆட்டுக்குக் கால் அழுகும் என்பார்கள். பாதிதான் சரி. சேறு தோலை ஊறவைக்கும், அவ்வளவே. உள்ளே புகுந்து குளம்பைக் கழற்றுவது டைக்கெலோபாக்டர் நோடோசஸ் என்ற பாக்டீரியா. 1941இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் என்ற ஆய்வாளர் இதைக் கண்டு சொன்னார். காற்று ஆகாத கிருமி. மண்ணில் ஓரிரு வாரம் தாங்கினாலே பெரிது. குளம்பின் இடுக்கிலோ மாதக்கணக்கில் பதுங்கும். அதனால் நோயை ஊர் ஊராகக் கொண்டு போவது நொண்டும் ஆடுதான்.

மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மதகடிப்பட்டுப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனம் தேவை. வெளியூரில் பிடித்துவந்த ஆடும் சொந்த மந்தையும் ஒரே ஈரப் பட்டியில் அடைபட்டால் போதும், தொற்றிக்கொள்ளும். புது ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுவது அதற்காகத்தான்.

நோய் கண்ட ஆட்டின் கால் நனைக்கும் தொட்டிக்கு, நெல்வயலுக்குப் போடும் அதே ஜிங்க் சல்பேட்தான்! 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. செம்பு கலந்த மயில்துத்தமும் கேட்கும், ஆனால் செம்பு நஞ்சு மாட்டைவிடச் செம்மறிக்குச் சீக்கிரம் ஏறும். தாகத்தோடு வரும் ஆட்டை அந்தத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். சந்தேகமென்றால் குரும்பாபட்டு ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள்.