பேட்டர்ன் மாஸ்டருக்கு எந்தப் பக்க மூளை?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் டேபிள் முன் நிற்கும் மாஸ்டருக்கு இரண்டு வேலைகள் ஒன்றாக ஓடும். ஒரு கிலோ துணிக்கு எத்தனை பீஸ், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு ஒருபுறம். முன்பாகம், பின்பாகம், கை ஆகியவற்றை எப்படி அடுக்கினால் வேஸ்ட் குறையும் என்ற மனப்படம் மறுபுறம். ‘கணக்குக்கு இடது மூளை, கலைக்கு வலது மூளை’ என்பவர்கள் இவரை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள்?

கதை கிளம்பிய இடம்

1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையில் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். பின்னாளில், வலிப்பை அடக்குவதற்காக இரு பாதிகளின் இணைப்பை அறுவை செய்துகொண்டவர்களை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்து, 1981-இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலோருக்குப் பேச்சில் இடப்பாதி முந்தும். வடிவத்தையும் இடத்தையும் உணர்வதில் வலப்பாதி முந்தும்.

கலைஞர்களை வலது மூளைக்காரர்கள் ஆக்கியது, இதை ஊதிப் பெருக்கிய பேச்சுதான். 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அலசியது. ஒரு பாதியே ஓங்கிய மனிதர்கள் என்று ஒரு வகை இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கற்பனையில் இரண்டுக்கும் பங்கு

இரு பாதிகளுக்கும் நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன. புது யோசனையை மனம்போனபோக்கில் தேடும் வலையமைப்பும், அது தேறுமா என்று சலிக்கும் வலையமைப்பும் இருபுறமும் பரவியவை. இவை நன்கு இணைந்து இயங்குவோரிடம் கற்பனைத்திறன் கூடுதலாக இருப்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நைட் ஷிப்ட்டும் தூக்கமும்

புது யோசனைக்குத் தூக்கமும் கைகொடுக்கும். ஜெர்மனியின் லூபெக் நகரில் 2004-இல் நடந்த ஆய்வில், எண்புதிரில் ஒளிந்திருந்த சுருக்குவழியைக் கண்டுபிடித்தவர்கள், விழித்திருந்தவர்களைவிடத் தூங்கி எழுந்தவர்களிடையே இரு மடங்குக்கும் அதிகம். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அறையை இருட்டாக்கி, போனை ஒதுக்கிவைத்து, ஏழு மணி நேரமாவது தூங்குவது நல்லது.

பக்கவாதம் வந்தால்

பாதிகளின் வேறுபாடு அப்பட்டமாகத் தெரிவது பக்கவாதத்தில்தான். இடப்பாதி அடிபட்டால் வலது கைகால் தளர்ந்து பேச்சும் குழறலாம். வலப்பாதி அடிபட்ட டெய்லருக்கு, கண் நன்றாக இருந்தும் துணியின் இடது ஓரம் கவனத்துக்கே வராமல் போகலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், செயலிழந்த இடது கையை ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சாதிக்கும் நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதனால் நோயாளி மறுத்தாலும் உடனிருப்பவர்கள் காத்திருக்கக் கூடாது.

வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்வது அவசியம்.