ஆரி ஒர்க் தெரியுமா? வீடியோ கோர்ஸா விற்கலாமே!

ஆரி ஒர்க் உங்களுக்குக் கைவந்த கலையா? உடனே 20 மணி நேர கோர்ஸ் எடுக்கக் கிளம்பிடாதீங்க. ‘பிளவுஸ் கைக்கு ஒரு பார்டர்’ போதும். யுடெமியில் 5 பாடங்கள், மொத்தம் 30 நிமிட வீடியோ இருந்தாலே கோர்ஸ் ஏற்றலாம். கேமராவுக்கு போன் போதும். காசை காலர் மைக்குக்குப் போடுங்க. (ஃபேனை ஆஃப் பண்ணுங்க, வியர்த்தாலும் பரவாயில்லை!) ஃப்ரேமுக்குக் கீழே நூல் பிடிக்கிற கையையும் மறக்காமல் காட்டுங்க, புதுசா கத்துக்கிறவங்க தடுமாறுறது அங்கதான்.

விற்பனையிலதான் விஷயமே இருக்கு. உங்க கூப்பன் லிங்க்கில் வந்து வாங்கினால், வரி, கட்டணம் போக 97 சதவிகிதம் உங்களுக்கு. யுடெமியிலேயே தேடிப் பிடிச்சு வாங்கினால் 37 தான். அதனால ஷூட்டிங்குக்கு முன்னாடியே இன்ஸ்டாவில் ரீல்ஸ் போட ஆரம்பிங்க. கமென்ட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகம் எதுவோ, அதையே முதல் பாடமா எடுங்க.